ரோஸ்லினுக்கு ஒரு நேரம்

மருத்துவ உளவியல் பயிற்சியில் ஜெசிந்தா சேர்ந்த அன்று, சில வருடங்களுக்கு முன் இறந்துபோன அவள் அக்கா ரோஸ்லினும் கூடவே வந்து சேர்ந்தாள். தூத்துக்குடியில் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆலோசனை அறையில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். அக்காவுக்கும் ஓர் அடையாள அட்டை கிடைத்தது. அதில் புகைப்படம் மட்டும் பதியவில்லை.

நோயாளிகள் வருவார்கள். ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தாவின் பெயரைக் கேட்டால்கூட அக்காதான் முந்திக்கொண்டு சொல்வாள்.

சுடலைமுத்து பஸ் ஓட்டுநர். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்குத் தூக்கமே இல்லை.

"அன்னைக்கு மழை, மேடம். வளைவுல நான் பிரேக்கை மிதிச்சப்போ..."

"அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி இப்போ?" என்றாள் அக்கா. "சூடா பாலைக் குடிச்சிட்டுப் படுங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

அவர் முகம் தெளிந்து எழுந்து போவார். அடுத்த வாரம் அதே வளைவில், அதே பிரேக்கில் வந்து நிற்பார். எல்லோருக்கும் அக்காவைப் பிடித்திருந்தது. ஒருவருக்கும் குணமாகவில்லை.

பயிற்சியை மேற்பார்வையிடும் டாக்டர் சங்கரவடிவு ஒருநாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"பேசுனது முழுக்க உங்க அக்கா. பயிற்சி முடிச்ச சான்றிதழை அவங்க பேருக்குத்தான் குடுக்க முடியும்."

"அவ இறந்துட்டா, மேடம்."

"அதுல ஒண்ணும் சிக்கல் இல்ல. போன வருஷம்கூட அப்படி ரெண்டு பேருக்குக் குடுத்தோம்."

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின், ஜெசிந்தா தன் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு உடம்பு சரியில்லன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சாப்டியாட்டி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுக்கா."

"நீ பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்த. சொன்னா எழுதிருக்க மாட்ட."

"எழுதிருக்க மாட்டேன். உன் பக்கத்துல இருந்திருப்பேன். பரீட்சைய முடிச்சிட்டு நான் ஆட்டோவுல வந்து எறங்குனப்போ வாசல்ல பந்தல் போட்டிருந்தாங்க. நம்ம வீட்ல யாருக்குக் கல்யாணம்னு யோசிச்சேன்."

அக்காவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. ஜெசிந்தாவும் எதையும் சொல்லி அந்த இடத்தை நிரப்பவில்லை. ஜன்னல் வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி சுவரில் ஏறிக்கொண்டது.

"பயமா இருந்துச்சுட்டி," என்றாள் அக்கா. "உங்கிட்ட சொன்னா அது நெசமாயிரும்னு நெனச்சேன்."

ஜெசிந்தா அழுதாள். அக்கா அழாதே என்று சொல்லவில்லை. பந்தலைப் பார்த்த அன்று வராத அழுகை அது.

"நான் இன்னும் பேசணும்," என்றாள் அக்கா.

"சொந்தக்காரங்கள நாங்க பார்க்கக் கூடாதுக்கா. எதுத்த ரூம்ல எங்கூடப் பயிற்சி எடுக்குற மும்தாஜ் இருக்கா. நல்லா கேப்பா."

மறுநாள் அக்கா வெளியே பெஞ்சில், மற்ற நோயாளிகளோடு முழங்காலைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மும்தாஜின் அறைக்குள் போனாள்.

சுடலைமுத்து வந்தார். "அக்கா வரலியா?"

"அவங்களுக்கு எதுத்த ரூம்ல நேரம் குடுத்திருக்கு. நீங்க சொல்லுங்க, அண்ணாச்சி. வளைவுல பிரேக்கை மிதிச்சீங்க."

தன் குரல் இவ்வளவு தணிவானது என்று ஜெசிந்தாவுக்கு அதுவரை தெரியாது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது, மேடம். நான்தான் தாமதமா மிதிச்சேன். இதை யார்ட்டயும் சொன்னதில்ல."

அன்று கிளம்பும்போது அவர் முகம் தெளிந்திருக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம், வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருந்தார்.

அவருக்குப் பிறகு வந்த அம்மாள், இடித்துவிட்ட தன் பழைய வீட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அறைக் கதவு சின்னது. வீடு ஓடுகள் சரியாதபடி குனிந்து உள்ளே வந்து, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு சுவரோரம் நின்றது.

"உக்காருங்க," என்றாள் ஜெசிந்தா. "யார் மொதல்ல பேசுறீங்க?"

வீடு தொண்டையைச் செருமிக்கொண்டது.