வினோதா வெட்டிய கம்பிச்சுருள்

1

இந்தக் கதை என் தங்கை வினோதாவின் புருவத்தில் பிறந்தது. மூன்று தையல். உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் கொஞ்சம் அளந்தாலும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘கொட்டகலை மலைகளைப் பனிமூட்டம் தழுவிய அந்தக் காலையில்…’ சே, அன்று நல்ல வெயில். அதனால்தான் துணி காயப்போடக் கம்பி கட்ட நினைத்தார்கள்.

2

வினோதாவின் கணவர் கிஷாந்த், கொழும்புப் பக்கம் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். லீவில் வந்தவர் ஒரு சுருள் உருக்குக் கம்பி கொண்டுவந்தார். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் துணிக்கொடிக்கு இளகிய கட்டுக்கம்பிதான். சுருளை மடியில் வைத்து, அதன் கட்டை அறுத்து உருவிக்கொண்டே போவோம். வினோதாவும் அதே பழக்கத்தில் மடியில் வைத்து, தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் பிளாஸ்டிக் பட்டியை அறுத்தாள். கம்பி விருட்டென்று எழுந்து அடித்தது. கண் தப்பியது எங்கள் நல்ல காலம்.

3

(கொஞ்சம் பாடம். அவசரமென்றால் தாண்டிப் போங்கள்.) கம்பியைச் சூடாக்காமல், அதைவிடச் சிறிய துளை வழியே இழுக்கிறார்கள். தோலும் நடுவும் ஒரே மாதிரி நீள்வதில்லை. இழுத்து முடித்த பிறகும் தோல் இழுபட்டே நிற்கும், நடு அமுங்கியே கிடக்கும். எஞ்சிய தகைப்பு என்று பெயர். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். நெடுகப் பிளந்தால் இரு பாதியும் விலகி வளையும். இதமாகச் சூடு காட்டினால் தணியும். (அன்று துள்ளியதற்குச் சுருட்டிக் கட்டியதுதான் பெரிய காரணம் என்று கிஷாந்த் திருத்தினார். பாத்திரமே திருத்தினால் எழுதுகிறவள் கேட்கத்தான் வேண்டும்.)

கிஷாந்தும் அந்தக் கம்பியைப் போலவே…

வேண்டாம். அவர் மனுஷன். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

4

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் உட்கார்ந்து அழுதார். எப்போது கேட்டாலும் நல்லாயிருக்கேன் என்கிற ஆள். பொங்கலுக்கு முன்னால் பக்கத்து மெஷினில் கம்பி அறுந்து, அங்கே நின்றவருக்கு ஒரு கண் போய்விட்டதாம். அன்றிலிருந்து பயந்து பயந்துதான் வேலை செய்கிறாராம். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை இல்லை.

“என்னால அங்க திரும்பிப் போக முடியாது, வினோ,” என்றார்.

நெற்றிக் கட்டோடு அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

5

ஒரு முடிவு: கிஷாந்த் ரயில் ஏறுகிறார், வினோதா கையசைக்கிறாள். (அழுகை வருகிறது, நம்பிக்கை வரவில்லை.)

இன்னொன்று: இங்கேயே தங்கி மரக்கறித் தோட்டம் போடுகிறார். (யாருடைய காணியில்? எங்களுக்கு ஏது காணி?)

இரண்டையும் வினோதாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“போறதா இருக்கிறதான்னு நாங்களே இன்னும் பேசி முடிக்கலக்கா. நீங்க முந்திக்கிட்டு எழுதாதீங்க.”

இப்போது ஞாயிறு பிற்பகல். உள் காம்பராவில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து கிஷாந்த் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது; கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நீங்களும் அங்கே போய் நிற்காதீர்கள்.