இல்லை என்று சொன்ன மாத்திரை

காலை டீ இடைவேளையில் பாதி இட்லி மேகலாவின் வாயிலேயே நின்றுவிட்டது. தாடைக்கு உள்ளங்கையை முட்டுக்கொடுத்து மென்று பார்த்தாள். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. பக்கத்து மிஷின் பூர்ணிமா சிரித்தாள். மேகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்பூரில் இந்த ஷூ கம்பெனியின் தையல் லைனில் அவளுக்குப் பதினோரு வருடம். அதில் நான்கு வருடமாகத் தசைச்சோர்வு நோய். காலையில் நன்றாயிருக்கும் கண்ணிமை சாயங்காலம் ஷட்டர் மாதிரி இறங்கிவிடும். வேலூரில் நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கி, யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்தால் மிஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டும் மேசைக்கு அனுப்புவார்கள். ஆள் குறைக்கும்போது அந்த மேசையில்தான் முதலில் கை வைப்பார்கள்.

போன வாரம் நெஞ்சு படபடத்து லைனிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலை நேரத்தில் யாரை டாக்டரிடம் அனுப்பினாலும் வெல்ஃபேர் ஆபீசர் கூடவே போய், அறைக்குள்ளும் உட்கார்ந்து எழுதிக்கொள்வது கம்பெனி வழக்கம். அந்த ஆபீசர் ஆஃப்ரீன் நல்ல பெண்தான். ஆனால் வேறு வியாதி உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நெஞ்சு டாக்டர் கேட்டபோது, அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். மேகலா இல்லை என்றாள். துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதித் தந்தார் டாக்டர். அவர் மேல் என்ன தப்பு?

எந்தப் புது மாத்திரையும் என்னைக் கேட்காமல் தொடாதே என்று நரம்பு டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார். இது நெஞ்சுக்குத்தானே, தசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இவளே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள். ஐந்தே நாளில் இமை காலையிலேயே இறங்கத் தொடங்கியது.

கழிப்பறைச் சுவரோரம் நின்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். சவுரியம்மாள் சிஸ்டர் எடுத்தார். மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். டாக்டரைக் கேட்டுவிட்டு சிஸ்டர் திரும்பி வந்தார்.

"அந்த மாத்திரை உன் வியாதிய ஜாஸ்தி பண்ணும்மா. நீயா நிறுத்திடவும் கூடாது, டாக்டர் பாத்து மாத்துவாரு. ரெண்டு சீட்டையும் எடுத்துக்கினு இப்பவே வா. தனியா வராத."

"ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றேன் சிஸ்டர்."

"முழுங்க முடியலன்ற, மூக்குல பேசுற. சாயங்காலம் வரைக்கும் மூச்சு இழுக்கத் தெம்பு இருக்குமான்னு யாருக்குத் தெரியும்?"

எல்லோர் மேலும் கோபம் வந்தது. நெஞ்சு பார்ப்பவருக்கு நெஞ்சு, நரம்பு பார்ப்பவருக்கு நரம்பு. இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்து திரிபவள் அவள் ஒருத்திதான். அவளே பொய் சொல்லிவிட்டாள். அதுதான் ஆறவில்லை.

கம்பெனி வண்டி வேண்டுமென்றால் ஆஃப்ரீனிடம்தான் போகவேண்டும். போனாள்.

"மேடம், அன்னிக்கு டாக்டர் கேட்டாரே, வேற வியாதி இருக்கான்னு. இருக்குது."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா என்றாள் ஆஃப்ரீன், நிஜமான வருத்தத்தோடு. நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்குத் தாடையில் பலம் இல்லை. ஆஃப்ரீன் டிரைவரைக் கூப்பிட்டாள். பிறகு லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

வண்டி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்தபடி மேகலா தையல் கூடத்தைப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் அவளுடைய ஸ்டூலைத் தன் உயரத்துக்குத் திருகிக்கொண்டிருந்தாள்.