மாஸ்டர் வாங்கவிருக்கும் கார், அல்லது வெள்ளி

1.

இந்தக் கதை எனக்கு ஊசி முனையில் கிடைத்தது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு ஒரு லேபில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுக்கும் அம்மா என் முழங்கை மடிப்பில் நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊசியை உள்ளே ஏற்றியபடியே, மறுமுனையில் இருந்தவரிடம் சொன்னார்:

"வெள்ளிய வாங்கினா அது வீட்ல சும்மா கிடக்கும். அந்தக் கார வாங்கினா நீங்க அதுக்கு அடியில கிடப்பீங்க. ரெண்டுல எது கிடந்தா வீட்டுக்கு நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

பிறகு என்னிடம், "பஞ்சை அழுத்திப் பிடிங்க. அடுத்தவங்க வரட்டும்" என்றார்.

நான் கேட்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பரிசோதனை முடிவு மாலையில் வந்தது. அது கதைக்குத் தேவையில்லை, எனக்கும் பிடிக்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: துருவேறிய காலத்தின் மீது வெள்ளி நிலா தன் மௌனத்தைப் பொழிந்துகொண்டிருக்க, அந்த வாகனம் ஒரு கைவிடப்பட்ட

(நிறுத்திவிட்டேன். காலம் துருவேறாது, கார்தான் துருவேறும். நிலாவையும் எடுத்துவிட்டேன். கதை நடப்பது காலை பத்தரை மணி வெயிலில்.)

இரண்டாம் தொடக்கம்: மனிதன் அடிப்படையில் ஒரு முதலீடு.

(இது மச்சான் பேசுகிற மாதிரி இருக்கிறது. மச்சான் இன்னும் கதைக்குள் வரவே இல்லை, அதற்குள் வாயைத் திறந்துவிட்டார். ஆள் அப்படித்தான்.)

மூன்றாம் தொடக்கம்: ஒரு டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டார்கள்.

இது இருக்கட்டும். இதில் தப்பு செய்ய இடமில்லை.

3.

ஒரு டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டார்கள். பயிற்சி மைதானத்தை முதலாளி நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார். ரிவர்ஸ் எடுத்துப் பழக நட்டிருந்த கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். அங்கே கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்கள். அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். மனைவியும் மாஸ்டர் என்பாள், கோபம் வரும்போது மட்டும்.

தொகை எவ்வளவு என்று சொல்லப்போவதில்லை.*

* சொன்னால் பாதிப் பேர் "இவ்வளவுதானா?" என்பீர்கள், பாதிப் பேர் "இவ்வளவா!" என்பீர்கள். கதை அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அந்தப் பணத்துக்கு ஒரு பழுதான கார் வாங்கி, சரிசெய்து விற்கலாம். அல்லது வெள்ளி வாங்கி வைக்கலாம். இரண்டையும் செய்ய முடியாது. இது தெரிந்தால் போதும்.

முதல் வரைவில் இவரைக் கணக்கு வாத்தியாராக வைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் காரும் வாங்கமாட்டார், வெள்ளியும் வாங்கமாட்டார். வட்டி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வங்கியிலேயே போட்டுவிடுவார். கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. அதனால் ஆளை மாற்றினேன். இவர் கார்களோடு வாழ்ந்தவர். கார்களைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நம்புகிறவர். நம்பிக்கை இல்லாத ஆளை வைத்துக்கொண்டு கதை எழுத முடியாது.

4.

வெள்ளியைக் கொண்டுவந்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். வாசலில் "முதலீட்டு வழிகாட்டி" என்று பலகை மாட்டியிருப்பவர். நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒவ்வொரு காலையும் ஒரு வரைபடமும் ஒரு தத்துவமும் அனுப்புகிறவர். அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே மாஸ்டர்தான். மச்சான் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கமாட்டார், தலைமுடியைப் பார்ப்பார். இன்றுவரை பழக்கம் மாறவில்லை.

மாஸ்டர் வீட்டுக் கூடத்தில், இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, உலகம் எந்தப் பக்கம் போயிட்டிருக்கு தெரியுமா?"

"தெரியலையே மச்சான்."

"வெள்ளிப் பக்கம். போனுக்குள்ள வெள்ளி, சோலார் பேனலுக்குள்ள வெள்ளி. நாளைக்கு உலகமே வந்து நம்மகிட்ட கை நீட்டும்."

"நாளைக்கேவா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"வாங்கினா எத்தனை நாள் வெச்சிருக்கணும்?"

"நாள் கணக்குப் பாக்கிறவன் முதலீட்டாளர் இல்ல மாப்பிள்ளை. அவன் பால் வாங்கறவன்."

"நாங்க பாலும் வாங்கணுமே மச்சான்."

மச்சான் இதற்காகத்தான் காத்திருந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல? என் வண்டிக்கு ஆள் தேடிட்டிருக்கேன். அடுத்த மாசத்திலேருந்து வந்துடுங்க. வெளியாளுக்குக் குடுக்கறத உங்களுக்குக் குடுத்துட்டுப் போறேன். பணம் குடும்பத்துக்குள்ளயே சுத்தட்டும்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. பிறகு ஒரு துண்டைத் தேவைக்கு மேல் அழுத்தி மடித்தது.

இதுதான் இந்தக் கதைத் தராசின் நடுமுள். வெள்ளி வாங்கினால் அது ஏறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் மாஸ்டர் மச்சானின் டிரைவர். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் மச்சான் உள்ளே போவார், மாஸ்டர் வண்டியிலேயே இருப்பார். யாராவது இரக்கப்பட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். காரை வாங்கிச் சரிசெய்து சட்டென்று விற்றால் கையில் காசு, அதை வைத்து அடுத்த கார், யாருக்கும் டிரைவர் இல்லை. விற்காவிட்டால் பணமும் இல்லை, மச்சானின் வேலையையே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிவரும்.

(இங்கே "சுயமரியாதை" என்ற சொல்லைப் போட்டு ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். மேடையில் தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம் கேட்டது. அடித்துவிட்டேன்.)

மச்சான் போன பிறகு மனைவி பேசினாள். "நீங்க அவன் வண்டியில ஏறின மறுநாள்லேருந்து நான் அவன் தங்கச்சி இல்ல. டிரைவர் பொண்டாட்டி. எங்க அண்ணியே அப்படித்தான் சொல்லுவா."

"அப்ப கார் வாங்கலாங்கிறியா?"

"அதையும் நான் சொல்லலை."

"பின்ன என்னதான் சொல்றே?"

"வேற ஸ்கூல்ல கேளுங்கன்னு சொல்றேன்."

"கேட்டேன். சின்ன வயசா ஆள் வேணுமாம்."

"எதுக்கு? கத்துக்கறவங்கதானே சின்ன வயசா இருக்கணும்?"

மாஸ்டர் தண்ணீர் குடிக்கப் போனார்.*

* கதாபாத்திரத்துக்குப் பதில் தெரியாதபோது தண்ணீர் குடிக்க அனுப்புவது எழுத்தாளர்களின் வழக்கம். எங்கள் கதைகளில் யாருக்கும் தாகம் எடுத்துப் பார்த்ததில்லை.

5.

கார் ஒரு பழைய கார் வியாபாரியின் யார்டில், வரிசையின் கடைசியில் நின்றது. கொஞ்ச தூரம் ஓடினால் இன்ஜின் கொதித்து நின்றுவிடும். ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் மூடியின் அடைப்பு, போயிருக்கிறது என்று மாஸ்டர் பானெட்டைத் திறந்த உடனே சொல்லிவிட்டார். வியாபாரியும் மறுக்கவில்லை. மூன்று முறை போய்ப் பார்த்தாயிற்று. இன்ஜினைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், ஆவணங்களைப் பார்த்தார். வியாபாரி ஓட்ட, யார்டைச் சுற்றி ஒரு வட்டமும் வந்தார். கியர் விழும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். கேஸ்கெட்டை மாற்றினால் வண்டி பறந்துவிடும் என்பது அவர் கட்சி.

நாலாவது முறை, விடுமுறை நாளில், மனைவியும் வந்தாள். பணம் ஒரு துணிப்பையில் அவள் கையில். கார் சரிப்படாவிட்டால் அங்கிருந்து நேராக வெள்ளிக் கடை என்று ஏற்பாடு. அதற்காக மச்சானும் தன் வண்டியில் வந்து, வெயில் கண்ணாடியோடு ஓரமாக நின்றார். உடைந்த கார்கள் தன் சட்டையைத் தொட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

"உள்ள உக்காந்து பாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் ஒரு கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். காலியாக இருந்தது ஸ்டியரிங் பக்கம்தான். அவள் சுற்றிக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்தாள். கார் ஓட்டத் தெரியாதவள். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் வீட்டில் கற்றுக்கொடுக்கவில்லை, அது அவர்களுக்குள் தீராத வழக்கு.

"இதுதானே பிரேக்கு?" என்று குதிகாலைத் தரையில் அழுத்தி ஊன்றினாள்.

கால் போய்க்கொண்டே இருந்தது. ரப்பர் விரிப்பு உள்வாங்கிக் கிழிந்தது. கணுக்கால்வரை இறங்கி நின்றது.

"என்னங்க."

"என்ன?"

"என் செருப்பு கீழே மண்ணுல கிடக்குது."

ஓட்டுநர் பக்கத் தரைத் தகடு முழுக்கத் துரு. விரிப்பு மட்டும்தான் தரையாக இருந்திருக்கிறது. வியாபாரி வானத்தைப் பார்த்தார்.

"மூணு தடவை வந்தீங்களே," என்றாள், காலை மெல்ல உருவிக்கொண்டு. "ஒரு தடவையாவது இந்த சீட்ல உக்காந்தீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"இல்ல."

"ஏன்?"

"தோணலை."

தொழில் முழுவதையும் அவர் அடுத்த சீட்டில் உட்கார்ந்தே செய்திருக்கிறார். கார் என்றால் அவருக்கு அந்தப் பக்கம்தான் கார். மறுபக்கம் வேறு யாரோ உட்கார்ந்து தப்பு செய்கிற இடம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹார்ன் அடித்தது. அது மட்டும் நன்றாக வேலை செய்தது.

(ஒரு தகவல்: நான் மூன்று வரைவு எழுதியும் இது என் கண்ணில் படவில்லை. மூன்றிலும் மாஸ்டரை அந்தப் பக்கமே ஏற்றி உட்காரவைத்திருந்தேன். அவர் மனைவி வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் ஓட்டை தெரிந்தது.)

6.

இப்போது கதை கெட்டியாகிவிட்டது. ஏனென்றால் வியாபாரி வானத்திலிருந்து இறங்கி வந்து, "அது ஒண்ணுமில்ல மேடம், ஒரு தகடு வெச்சு வெல்டிங் பண்ணா முடிஞ்சுது" என்று சொல்லி விலையைக் குறைத்தார். கொஞ்சமல்ல. தகட்டுச் செலவு போக நன்றாகவே மிஞ்சும் அளவுக்கு. அந்த விலைக்கு அந்தக் கார், கணக்குப்படி, முன்பைவிட லாபம். ஆனால் மாஸ்டர் தன் கண்ணின் மேல் வைத்திருந்த நம்பிக்கை செருப்போடு சேர்ந்து கீழே போயிருந்தது. காலடியில் இருந்ததையே பார்க்காதவர் வேறு எதையெல்லாம் பார்க்கவில்லையோ?

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வாங்கினார், சரிசெய்தார், விற்றார், லாபம். அடுத்த கார். அதற்கடுத்த கார். — இது கதையில்லை, துண்டுப் பிரசுரம்.

முடிவு ஆ: வெள்ளி வாங்கினார். வெள்ளி ஏறியது. மச்சான் "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அடுத்த விசேஷத்திலும் சொன்னார். அதற்கடுத்த — இது ஆயுள் தண்டனை. இந்த மனிதர் அப்படி ஒன்றும் குற்றம் செய்யவில்லை.

முடிவு இ: எதை வாங்கினாலும் நஷ்டம், கடைசியில் பேராசையைப் பற்றி ஒரு பத்தி. பேராசையைப் பற்றி நன்றாக எழுதுகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஒரு வரியில் என்னால் வெள்ளியை ஏற்ற முடியும். இன்னொரு வரியில் கேஸ்கெட்டை மாற்றி, தகட்டை ஒட்டி, காரை விற்றுவிட முடியும். செலவாவது மை. பணம் நம்முடையதில்லை என்றால் பேனா எவ்வளவு துணிச்சலாக ஓடுகிறது! இப்படி எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, நான் பேசுவது மச்சானின் குரலில் என்று உறைத்தது. எழுந்துபோய் அந்த யார்டைத் திரும்பப் படித்தேன்.

7.

மச்சான் ஜன்னலருகே வந்து குனிந்திருந்தார். சட்டை கதவில் படாமல்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? இரும்புன்னா துருப்பிடிக்கும். வெள்ளி பிடிக்குமா? கிளம்புங்க, கடைக்காரர் எனக்காகக் காத்திட்டிருக்கார்."

மாஸ்டர் முன்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மச்சான், நீங்க எவ்வளவு வெள்ளி வாங்கி வெச்சிருக்கீங்க?"

"நானா?"

"ம்."

"நான் வழிகாட்டி மாப்பிள்ளை. வழிகாட்டிப் பலகை எங்கயாவது எழுந்து ஊருக்கு நடந்து போகுமா?"

"கொஞ்சங்கூட இல்லையாண்ணா?" என்றாள் தங்கை. "ஒரு டம்ளர் அளவுக்காவது?"

மச்சான் வெயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

இதனால் வெள்ளி மோசம் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. தான் வாங்காததைப் பற்றி ஒருவர் சரியாகவும் சொல்லிவிடலாம், நடந்திருக்கிறது. அதேபோல் தரையில் ஓட்டை இருப்பதால் காரும் மோசமில்லை, ஓட்டைக்குத்தான் விலை குறைந்திருக்கிறது. யார் சொன்னதும் உதவவில்லை என்பது மட்டும்தான் உறுதியானது.

வியாபாரி இன்னொருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். வராமலும் இருக்கலாம். மனைவி பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"எங்க அண்ணன் சொல்றது வேண்டாம். இந்த வியாபாரி சொல்றதும் வேண்டாம். நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நாளைக்கு 'நான் அப்பவே நினைச்சேன்'னு என் வாயிலேருந்து வராது. அது ஒண்ணுதான் நான் குடுக்கற உத்தரவாதம்."

"போண்டியாயிட்டா?"

"போண்டியானாலும்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் அந்த சீட்டில் உட்கார்ந்த யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. எல்லாருக்கும் இடதா வலதா என்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு வாயைத் திறக்கிறார்.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். அவர் சொல்லப்போவதை நான் சொன்னால் அது இன்னொரு வழிகாட்டிப் பலகை. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது, ஏறி உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். காலை மட்டும் பார்த்து வையுங்கள். அந்தப் பக்கத் தரையை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.