பால் வடியும் நேரம்

எஹலியகொடைப் பக்கத்து மலையில் இருக்கும் இறப்பர்த் தோட்டத்தில் விடிவதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். தொழிலாளியின் தூக்கமா அங்கே பெரிது? நெற்றியில் கட்டிய டோர்ச் வெளிச்சத்தில் காய்ந்துபோன நேற்றைய ஒட்டுப்பாலை நகத்தால் உரித்து, பட்டையில் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். மரம் வெட்டுவது என்று அங்கே சொல்வது இதைத்தான். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். காலில் ஏறிய அட்டையைக் குனிந்து பிடுங்கவும் நேரமிருக்காது.

அந்த மலையில் ஷாமிளா கத்தி பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தாள். புதுச் சப்பாத்து, இஸ்திரி போட்ட சட்டை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஏ.எல். பாஸ் பண்ணி, அதே தோட்டத்தில் மலைவேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்துக்கு வந்த முதல் பெண்பிள்ளை. மூன்று மாதம் பயிற்சி. தோட்டத்து மனேஜரான துரைக்குப் பிடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி லயத்து வாசல்தான்.

துரை நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்: “பிள்ளை, தொடக்கத்தில எடுக்கிற பேர்தான் கடைசிமட்டும் நிக்கும். சொன்னதைச் செய்யிற ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கினம். நீர் ஏதாவது புதுசாச் சொல்லும் பாப்பம்.”

சொன்னாள். வாய் சும்மா இருந்தால்தானே! மரம் வெட்டி முடித்ததும், பால் வடிந்து சிரட்டை நிறையக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஆட்கள் லயத்துக்கு இறங்கிப் போய் வருவார்கள். எந்தத் துரையும் அதைக் கவனித்ததில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? அவளுடைய அம்மாவும் அந்த நேரத்தில்தான் இறங்கி வந்து, அவளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்து, தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு மறுபடி மலை ஏறுவாள்.

“அந்த நேரத்துல மேல்மலை மரங்களையும் வெட்ட வைக்கலாம் சேர்” என்றாள் ஷாமிளா.

துரை மேசையில் தட்டினார். “இதுதான் மூளை!”

அன்று லயத்துக்குத் திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மறுவாரமே உத்தரவு வந்தது. மேல்மலையையும் வெட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. யோசனை யாருடையது என்று துரை யாருக்கும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

விஜயகலா அவளோடு ஓ.எல். வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் பால் வெட்ட வருகிறாள். உத்தரவு வந்த மூன்றாம் நாள், தன் மரங்களை வெட்டி முடித்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“ஒரு எட்டு போயி பிள்ளைக்குப் பசியாத்திட்டு வந்துறவா மிஸ்?”

“மேல்மலைய முடிச்சிட்டுப் போங்க.”

விஜயகலா குரலைத் தாழ்த்தினாள். “அடியே ஷாமி, புள்ள கத்தும்டி.”

“எல்லாரும் பாக்குறாங்க. முடிச்சிட்டுப் போ.”

முடித்துவிட்டுத்தான் போனாள். முடித்த வேகத்தில் ஓடினாள். மழையில் நனைந்த கற்படியில் கால் வழுக்கி, கீழ்ப்படி வரை உருண்டாள். ஆட்கள் சாக்கில் கம்பைக் கோர்த்து அவளைத் தூக்கியபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஷாமிளா அவள் தலையைத் தாங்கிக்கொண்டு லொறி வரை நடந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சப்பாத்துச் சேற்றைக் கழுவினாள். சோறு தின்றாள். பக்கத்து லயத்தில் விஜயகலாவின் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. யார் வீட்டிலோ பாடும் ரேடியோவைக் கேட்பதுபோல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

மறுநாள் துரை அவளை ஒபிசுக்குக் கூப்பிட்டார்.

“விஜயகலா விழுந்ததை விசாரிக்க நாளைக்கு மத்தியானம் லேபர் ஒபிசர் வருவார். அவள் கேக்காமல் கொள்ளாமல் வேலையை விட்டிட்டு ஓடினவள். அவ்வளவும் சொன்னாக் காணும்.”

“கேட்டுட்டுத்தான் போனாங்க சேர்.”

“ஆரிட்டை?”

“எங்கிட்ட.”

“அது உமக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது. அவள் சொன்னா ஆர் நம்பப் போயினம்? இந்த மாசத்தோட உம்மை நிரந்தரமாக்கப் போறன். கெட்டிக்காரப் பிள்ளை நீர். கெடுத்துக் கொள்ளாதையும்.”

“சரி சேர்” என்றது அவள் வாய். அதுவும் யாரோ சொன்னதுபோலத்தான் இருந்தது.

அடுத்த நாள் விடியலில் எல்லோரும் வழக்கம்போல மரம் வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் மேல்மலைக்கு ஒருவரும் ஏறவில்லை. றோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஷாமிளா ஒதுங்கி நிற்க, துரையின் ஜீப் வந்து நின்றது. தொழிற்சங்கத் தலைவர் மூக்கையா எழுந்தார்.

“எங்க மரத்த வெட்டிட்டோம்ங்க தொரை. பால் வடியுது. வடிஞ்சதும் எடுத்துத் தருவோம். கைப்பிள்ளக்காரங்கள கீழ அனுப்பியிருக்கோம். மத்தவங்க இங்கதான் இருப்போம்.”

“அப்ப எல்லாருக்கும் அரைப்பேர்தான்.”

“போடுங்க. ஒருத்தருக்குப் போட்டா அவ வீட்டு அடுப்பு அணையும். எல்லாருக்கும் போட்டா நாளைக்கு ஒங்க ஸ்டோருக்குப் பால் வராது.”

“ஆர் உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தாறது?”

“விஜயகலா காலுதாங்க.”

துரையின் முகம் கறுத்தது. “அவள் கேக்காமல் ஓடி விழுந்தவள். சொல்லும் ஷாமிளா, இவைக்குச் சொல்லும்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. துரையின் ஜீப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். லயத்துப் பிள்ளையாக யாரும் பார்க்கவில்லை.

“எங்கிட்ட கேட்டா” என்றாள் ஷாமிளா. “மேல்மலைய முடிச்சிட்டுப் போன்னு நான்தான் சொன்னேன். முடிச்சிட்டுத்தான் போனா.” பிறகு, “மேல்மலைய வெட்டச் சொல்லி யோசனை குடுத்ததும் நான்தாங்க. நல்ல பேரு வாங்கணும்னு குடுத்தேன்” என்றாள்.

சுப்பம்மா துள்ளி எழுந்தாள். ஷாமிளாவின் அம்மாவோடு ஒரே மலையில் பால் வெட்டியவள். “அடிப் பாவி! ஒங்காத்தாளும் அந்த நேரத்துலதானேடி எறங்கி வந்து ஒன்ன வளத்தா!”

ஷாமிளாவுக்கு உள்ளே ஏதோ இளகி வலிக்கத் தொடங்கியது.

“ஜீப்பில ஏறும். ஒபிசில கதைப்பம்” என்றார் துரை.

“லேபர் ஒபிசர்கிட்டயும் இதத்தான் சொல்லுவேன் சேர்.”

“அப்ப உம்மட வேலை?”

“தெரியும் சேர்.”

ஜீப் புழுதியும் புகையுமாகப் போனது. ஷாமிளா நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. கடைசியில் சுப்பம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “ஏன்டி கம்பமாட்டம் நிக்கிற? உக்காரு. மன்னிச்சிட்டேன்னு நெனக்காத. ஒரு ஆள் கூடட்டும்னுதான் சொல்றேன்.”

உட்கார்ந்தாள்.

“மத்தியானம் லேபர் ஒபிசர்கிட்ட எல்லாருமாத்தான் போறோம்” என்றார் மூக்கையா. “யாரும் தனியாப் போறதில்ல. நீயும்தான் புள்ள.”

பால் வடிந்து முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். சுப்பம்மா ஒரு வாளியைக் கொண்டுவந்து ஷாமிளாவின் காலடியில் வைத்தாள்.

“விஜயகலா வாளி. அவ மரத்தையும் நாங்க பிரிச்சு வெட்டியிருக்கோம். அவ பேருலதான் நிறுக்கச் சொல்லுவோம். நிறுக்குறாங்களா பாப்போம். போ, நீ எடு.”

முதல் மரத்தில் ஷாமிளா சிரட்டையை வாளியில் கவிழ்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. பால் வாளியின் விளிம்பில் பட்டு வழிந்தது.

“சிந்தாம எடுடி!” பக்கத்து மரத்திலிருந்து சுப்பம்மா அதட்டினாள். “அவளோட ஒரு நாள் கூலி அது.”