பொம்மைக்குத் தைத்த சட்டை

உம்மா பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். லுஹர் தொழுது முடித்த மத்தியான வேளை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. என் நிக்காஹ் சட்டைக்கு வெட்டியதில் மிஞ்சிய பச்சைப் பட்டுத் துண்டை மடியில் விரித்து, ஒரு சாண்கூட இல்லாத அந்தத் தந்தப் பொம்மையை அதன்மேல் மல்லாக்கக் கிடத்தி, தோளுக்குத் தோள் விரலால் அளந்தாள். கழுத்து மூடியிருந்தது, கை முழங்கை வரை, முன்பக்கம் ஒரு கொக்கி. நெஞ்சுக்குக் கீழே துணி நின்றுவிட்டது, வயிறு வெளியே தெரிந்தது. உம்மா தையலில் கெட்டிக்காரி. கை தூக்கினால் பிடிக்கக் கூடாதென்று பொம்மையின் அக்குளுக்கும் ஒரு மடிப்பு விட்டுத் தைத்தாள். பக்கத்து அறையில் என் அக்காள் கமருன்னிசா லாத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளால் அப்போது இடது கையைத் தூக்க முடியாது.

பொம்மை மதார் சாகிபுடையது. சைகோனில் பல வருஷம் துணிக்கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரன் அங்கிருந்தும் இங்கே காரைக்காலிலிருந்தும் ஒரே வருஷத்தில் மூட்டை கட்டியபோது, அவரும் கடையைக் கைமாற்றிவிட்டு ஊர் திரும்பித் தலத்தெருவில் வீடு பிடித்தார். சைகோனில் அவர் கடைக்குப் பக்கத்தில் ஒரு சீனத்து வைத்தியர் இருந்தாராம். அவரிடம் கற்றுக்கொண்ட வைத்தியத்தை இங்கே வந்து செய்தார். ஆண்களுக்கு மயிர் கனத்தில் ஊசி குத்துவார். ஏதோ பச்சிலையைச் சுருட்டுப் போலச் சுருட்டிக் கொளுத்தி முழங்காலருகே அனல் காட்டுவார். பெண்களுக்குத்தான் பொம்மை. சீனத்துப் பெரிய வீட்டுப் பெண்களும் வைத்தியருக்கு முன்னால் வர மாட்டார்களாம். திரைக்குப் பின்னாலிருந்து பொம்மையை வாங்கி, வலிக்கிற இடத்தை அதன் உடம்பில் தொட்டுக் காட்டுவார்களாம். எங்கள் தெருவுக்கு இது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. பொம்மை வீடு வீடாகப் போகும். நோயாளி சுருமாக் குச்சியால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பாள். அவர் பார்த்து மருந்து கட்டி அனுப்புவார். முழங்கால் வலி, தூக்கமின்மை, தூரம் நின்றுபோனது எல்லாவற்றுக்கும் அந்தப் பொம்மைதான் வாய்.

முதல் தடவை எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தபோதே அவர் திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க தங்கச்சி. கட்டின்னா நான் தொடமாட்டேன். கட்டிக்கு கத்திதான்னு என் வாத்தியாரே சொல்லி அனுப்பிச்சாரு. அப்படின்னா நேரா பெரிய ஆஸ்பத்திரி. நம்ம கன்னியாஸ்திரி அம்மாமாரு பொம்பளையளுக்குத் தனியா பாக்குறாங்க."

"கட்டியெல்லாம் ஒண்ணுமில்ல நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் உம்மா.

லாத்தாவுக்கு இடது மாரில் இலந்தங்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. உம்மா அதைத் தொட்டுப் பார்த்திருந்தாள். பால் கொடுக்காத மார், அப்படித்தான் திரளும் என்று சொல்லியிருந்தாள். லாத்தாவுக்குப் பிள்ளை இல்லை. அவள் புருஷன், என் மச்சான், சைகோனிலேயே காய்ச்சலில் மவுத்தாகி, அவருடைய பெட்டியும் குடையும் மட்டும் கப்பலில் வந்தன. வாப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். எனக்கு மாப்பிள்ளையாக நூகுவைப் பேசி முடித்திருந்தார்கள்.

அன்று லாத்தா பொம்மையை வாங்கி, கொஞ்ச நேரம் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, இடது மாரில் புள்ளி வைத்தாள். உம்மா அதைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். நடையில் நான் நின்றிருந்தேன். உம்மா எச்சிலைத் தொட்டுப் புள்ளியை அழித்தாள். அந்த மை ஒட்டிய கட்டைவிரலைப் பொம்மையின் வயிற்றில் அழுத்தினாள். என்னைப் பார்த்தும் நிற்கவில்லை.

அவர் போனபின் அடுப்படியில் கேட்டேன்.

"லாத்தா அங்க வைக்கலியே உம்மா."

"எங்க வச்சான்னு எனக்குத் தெரியும்டி."

"அப்பறம் ஏன் அழிச்சீங்க?"

"மாருல நோவுன்னு வெளியில தெரிஞ்சா உன்னைய எவன் கட்டுவான்? அக்காளுக்கு வந்துருக்கு, இவளுக்கும் வருமான்னுதான் மொதல்ல கேப்பாளுவோ. குதிரை வண்டி நம்ம வாசல்ல நின்னு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புனா போதும், தெரு முழுக்கத் தெரிஞ்சுடும்." அம்மியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அவ வாழ்ந்து முடிச்சுட்டா. நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. உன் நிக்காஹ் முடிஞ்ச மறுநாள் நானே அவளைய கூட்டிட்டுப் போறேன். அல்லா மேல ஆணை."

மருந்து வந்தது. காய்ந்த ஆரஞ்சுத் தோல், சுக்கு, அதிமதுரம், பெயர் தெரியாத இரண்டு பட்டை. மண்சட்டியில் வைத்துச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தோம். லாத்தாவின் வயிறு ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது, இன்னும் நன்றாக ஆயிற்று. மருந்தோடு ஒரு பயிற்சியும் சொல்லியிருந்தார். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் பாயிலேயே உட்கார வேண்டும். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட வேண்டும். கண் பாதி மூடியிருக்க வேண்டும். மூச்சைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். முதலில் வயிறு, அப்புறம் ஈரல், மண்ணீரல், நெஞ்சு. காபிர்களின் வணக்கமோ என்று உம்மா பயந்தபோது, "இது வணக்கமில்ல தங்கச்சி. இத்தன காலமா நமக்கு ஒழைக்கிற உடம்புக்கு ஒரு மருவாதி" என்றார் அவர். நல்ல மனுஷர். அவருக்கே அந்தச் சிரிப்பு முகத்தில் எப்போதும் இருக்கும், உதட்டோரத்தில் கொஞ்சமாக.

லாத்தா உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழும்போது உண்மையிலேயே அழகாக இருப்பாள். எண்ணெய் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்னா ஒரு அமைதி, நூரு, ஒளியுல்ல இறங்குது மொகத்துல" என்று போய்த் தெருவெல்லாம் சொன்னாள்.

"சிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன் ஆரிபா" என்றாள் லாத்தா என்னிடம். "வயிறு சிரிக்குது. ஈரல் சிரிக்குது. இந்தச் சனியன் மட்டும் சிரிக்க மாட்டேங்குது." என் கையை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்தாள். இலந்தங்காய் அப்போது எலுமிச்சையாகியிருந்தது. மேல்தோல் உள்ளே இழுத்துக்கொண்டு, சூடாக இருந்தது. "உனக்காகப் பொறுத்துக்கிட்டேன்னு நாளைக்கு எவகிட்டயும் சொல்லித் தொலைச்சுடாத புள்ள. நான் ஒண்ணும் பொறுத்துக்கல. எனக்கு வாழணும்."

அடுத்த முறை மதார் சாகிபு கூடத்தில் உட்கார்ந்து வயிறு எப்படி இருக்கிறதென்று கேட்டபோது, நான் திரைக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன். "மாமா, வயிறு இல்ல மாமா! நெஞ்சுல!" நிக்காஹ் பேசி வைத்த குமர்ப்பெண் அந்நிய ஆணுக்குக் குரல் காட்டலாகாது. அவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். உம்மா என் வாயைப் பொத்தி, மற்றக் கையால் என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, குரலில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னாள். "சின்னது பயந்துடுச்சு நானா. அக்காளுக்கு வாய்வு நெஞ்சுக்கு ஏறுது, அதைச் சொல்லுது."

அவர் யோசித்தார். "ஏறும். ஏறத்தான் செய்யும்" என்றார். "கோவத்தை உள்ளயே வச்சுருந்தா ஈரல்ல போய் அடையும். அங்கேருந்து நெஞ்சுக்குத்தான் வரும். புருசன் போன துக்கம் பாருங்க. சிரிப்பை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க தங்கச்சி."

அன்று பொம்மை எங்கள் வீட்டிலேயே தங்கியது. லாத்தா அதை வாங்கிக்கொண்டாள். சுருமாக் குச்சியைக் கேட்கவில்லை. தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பொம்மையின் இடது மாரில் கீற ஆரம்பித்தாள். தந்தம் லேசில் கொடுக்காது. சாயங்காலம் முழுக்கக் கீறினாள், பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும், பொம்மையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு. கீறலில் மையையும் தேய்த்து ஏற்றினாள். "இப்ப அழிக்கட்டும்" என்றாள்.

மறுநாள் உம்மா எடுத்துப் பார்த்தாள். எச்சிலால் தேய்த்தாள், சாம்பலால் தேய்த்தாள். கோபப்படவே இல்லை. பெட்டியைத் திறந்து பச்சைப் பட்டுத் துண்டை எடுத்தாள்.

மதார் சாகிபு சட்டை போட்ட பொம்மையைக் கையில் வாங்கியதும் கண் கலங்கிவிட்டார். "எத்தன வீட்டுக்குப் போயிருக்கு இது. இதுக்கும் ஒரு மானம் இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல தங்கச்சி." சட்டைக்கு மேலே அவர் விரல்கூடப் படவில்லை. வயிற்றில் உம்மா வைத்த புள்ளியைப் பார்த்தார். ஆரஞ்சுத் தோலைக் கொஞ்சம் கூட்டிக் கட்டி, பொம்மையை அடுத்த புள்ளிக்கென்று எங்கள் வீட்டிலேயே விட்டுப் போனார்.

நிக்காஹுக்கு முன்னால் நூகு வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். லாத்தாவின் மார் அதற்குள் புண்ணாகி உடைந்திருந்தது. துணி மாற்றி மாற்றிக் கட்டினோம், சாம்பிராணி போட்டோம், வாடை சுவரில் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காரைக்கால்மேட்டு மீன்காரி ராசாத்தி கொல்லையில் கூடையை இறக்கினாள்.

"என்னம்மா, எனக்கு முன்னாடியே எவளோ ஒருத்தி வந்து அழுகின மீன வித்துட்டுப் போயிருக்கா போலருக்கே" என்று சிரித்தாள்.

உம்மா கூடத்துக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "நாத்தம் புடிச்ச மீனக் கொண்டாந்து வீட்ட நாறடிச்சுட்டு, பேச்சப் பாரு! எடுடி கூடைய. இனிமே இந்தக் கொல்லையில கால வைக்காத."

ராசாத்தி குனிந்து கூடையைப் பார்த்தாள். கூடையில் உயிர் போகாத கெளுத்தி துள்ளிக்கொண்டிருந்தது. அவள் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மூக்குக்குத் தெரிந்துவிட்டது அவளுக்கு. சும்மாட்டைத் தலையில் வைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கூடத்தில் பெண்கள் மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, "மீங்காரியளே இப்படித்தான்" என்றார்கள். அறைவாசலில் லாத்தாவை உட்காரவைத்திருந்தாள் உம்மா. போர்த்திய சால்வைக்கு மேலே முகம் மட்டும். மூச்சை இறக்கி, கண்ணைப் பாதி மூடி, சிரித்துக்கொண்டிருந்தாள். அவளால் அப்போது வேறெதுவும் செய்ய முடியாது. அந்த மூச்சை விட்டால் அலறிவிடுவாள். "மூத்தவள பாருங்க, எவ்வளவு பொறுமை" என்றாள் நூகுவின் தாயார். "தங்கச்சிக்கும் அதே குணந்தான்" என்றாள் உம்மா.

நிக்காஹ் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் வாசலில் குதிரை வண்டி நின்றது. உம்மா ஆணையிட்டதை மீறவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கன்னியாஸ்திரி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஏம்மா, இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"வைத்தியம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றாள் உம்மா. "சீன வைத்தியம்."

லாத்தா அந்த மாதமே போய்விட்டாள். குளிப்பாட்டும்போது நான் தண்ணீர் ஊற்றினேன். இடது பக்கம் கழுவும் முறை வந்தபோது குளிப்பாட்ட வந்த பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீன வைத்தியத்தால்தான் கமருன்னிசா போனாள் என்று தெரு பேசியது. எந்த இடத்து நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, வைத்தியம் செய்தவர் பெயரை மட்டும் சொன்னார்கள். மதார் சாகிபு வீட்டுக்கு ஆள் போவது நின்றது. அவர் தெருவில் போகும்போது பிள்ளைகள் பின்னாலேயே மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பல்லைக் காட்டின.

நாற்பதாம் பாத்திஹா கழிந்து ஒரு காலையில் அவர் வந்தார். மெலிந்திருந்தார். கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். உம்மா தேத்தண்ணி வைத்தாள்.

"வயித்துல எனக்குத் தவறிப்போச்சு தங்கச்சி" என்றார். "எங்க தவறினேன்னு ராவும் பகலும் தேடிப் பாத்துட்டேன், புடிபடல. நீங்க மாப்பு குடுக்கணும்."

"அல்லாவுக்காக மாப்பு பண்ணிட்டேன் நானா" என்றாள் உம்மா. "போனது போச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொம்மையைத் திருப்பிக் கேட்டார். சென்னைப் பட்டணத்தில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். உம்மா பொம்மையைச் சட்டையோடு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கைக்குட்டையை விரித்து அதைச் சுற்றப் போனவர், நிறுத்தினார்.

"சட்டை உங்க வீட்டுது. அடுத்தவங்க பொருளு எனக்கெதுக்கு" என்று கொக்கியில் கை வைத்தார்.

"இருக்கட்டும் நானா, வேணாம், அப்படியே—" உம்மா ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள்.

அதற்குள் கொக்கி கழன்றிருந்தது. அவர் கட்டைவிரல் பட்டுத் துணியை விலக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. மறுபடி அதே இடத்தைத் தடவியது. பொம்மையை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெள்ளைத் தந்தத்தில் அந்தக் கறுப்புக் கீறல் திரைக்குப் பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. அவர் நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தார். உம்மா பார்வையை விலக்கவில்லை. அவள் வாய் திறந்து கேட்காதது என் காதில் விழுந்தது. இதைக் கொண்டுபோய்த் தெருவில் எந்த ஆணிடம், என் மகளின் எந்த இடத்தைக் காட்டி நிரபராதி ஆவீர்?

மதார் சாகிபு சட்டையைப் பொம்மைக்கே திரும்பப் போட்டார். கொக்கி மாட்ட வெகு நேரம் ஆயிற்று. மாட்டி, மடியில் வைத்துக்கொண்டார்.

"தேத்தண்ணி ஆறுது" என்றாள் உம்மா.

அவர் தம்ளரைத் தொடவில்லை. முதுகை நிமிர்த்தினார். கண்கள் பாதி மூடின. மூச்சு நெஞ்சிலிருந்து இறங்கி, தொப்புளுக்குக் கீழே போய் நிற்பது அவர் சட்டையின் அசைவில் தெரிந்தது. பிறகு உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. லாத்தாவிடம் பார்த்த அதே சிரிப்பு. அவர் மடியில் பொம்மை பச்சைப் பட்டில் மல்லாந்து கிடந்தது. தேத்தண்ணியின் மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது.