பத்து அலைகளின் நேரம்

பதினொன்றரை மணி அறிக்கைக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. மண்டல வானிலை அலுவலகத்தின் முதல் மாடியில் முன்னறிவிப்பாளர் இரண்டு கணினித் திரைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது திரையில் புயல் கரையைத் தொடாமல் வடக்கே விலகிப் போனது. வலது திரையில் மாலைக்குள் நேரே வந்து இறங்கியது. எது மெய் என்று சொல்லக்கூடிய மிதவைக் கருவி, விடிந்ததிலிருந்து கடலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

"என்ன போடப் போறீங்க?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. கட்டடத்தின் எந்த மூலையில் யார் கிசுகிசுத்தாலும் எட்டிவிடும் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ராடார் என்று பெயர்.

"'கரையைக் கடக்க வாய்ப்பு உள்ளது'ன்னு போட்டுரலாமா?"

"வாய்ப்பு எதுக்குத்தான் இல்ல? எனக்குப் பதவி உயர்வு வரக்கூட வாய்ப்பு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய அண்ணன், படகுத்துறையிலிருந்து எதிரே உள்ள தீவுக்குப் பயணிகள் படகு ஓட்டுபவர். இரண்டு மணிக்கு எண்பது பேரோடு கிளம்பினால் திரும்பி வர ஐந்தாகும். வலது திரை சொல்வது மெய்யானால், அதற்குள் நடுவழியில் காற்று பிடித்துக்கொள்ளும்.

எச்சரிக்கை போட்டால் தீர்ந்தது என்று பார்த்தால், அதிலும் ஒரு வினை. ஏழு மாதத்துக்கு முன் இதேபோல் ஒரு புயலுக்கு இவர் போட்ட எச்சரிக்கையை நம்பி அண்ணன் இரண்டு நாள் படகைக் கட்டிப்போட்டார். இரண்டு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. துறையில் நின்றவர்கள் அண்ணனைப் பார்த்துக் குடையை விரித்துக் காட்டிச் சிரித்தார்கள். அன்று மாலை அண்ணன் போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே உன் அறிக்கைய நீயே படிச்சுக்க." அதோடு பேச்சு நின்றது. இன்னொரு முறை பொய்த்தால், அப்புறம் மெய்யான புயலே வந்து நின்றாலும் அண்ணன் தன் சொல்லைக் கேட்கமாட்டார் என்று இவருக்குத் தெரியும்.

பேச்சு நின்றதே தவிர அலைக்கணக்கு நிற்கவில்லை. துறையிலிருந்து நாளுக்கு மூன்று வேளை அலை பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பல வருஷத்துக்கு முன் அண்ணன் தானாகக் கேட்டு வாங்கியிருந்தார். துறையின் கடைசித் தூணைப் பத்து அலைகள் தாண்ட எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துப் பத்தால் வகுக்க வேண்டும். தூரத்தில் புயல் வலுத்து நெருங்கினால் அலைக்கும் அலைக்கும் நடுவே இடைவெளி நீளும். அந்த எண் குறுஞ்செய்தியாக வரும். "பெற்றேன், நன்றி" என்று இவர் பதில் போடுவார். ஏழு மாதமாக அண்ணன் தம்பி உறவு அவ்வளவுதான். ஆனால் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. வேலை முடிந்து பேருந்தில் போகும்போது சில நாள் அந்தப் பழைய எண்களைத் திரும்பப் படிப்பார். எட்டு. ஏழு. எட்டரை. அவ்வளவு கோபத்திலும் மனுஷன் நமக்காக அலை எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று மனசு இளகிவிடும்.

பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. இடைவெளி எட்டு வினாடி.

நேற்று மாலையும் எட்டுதான். அப்படியானால் புயல் நெருங்கவில்லை. இடது திரைதான் சரி. "புயல் வடக்கு நோக்கி விலகிச் செல்லும்" என்று தட்டச்சு செய்யத் தொடங்கியவருக்குப் பாதியில் விரல் நின்றது. சுவரில் காற்றழுத்தமானியின் முள் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. மானி புயல் வருகிறது என்கிறது, அலை இல்லை என்கிறது.

"இந்த எட்டு எனக்கு உதைக்குது," என்றார்.

"போன் போட்டுக் கேளுங்களேன்."

"எடுக்க மாட்டார்."

"எண்பது பேர் ஏறப் போறாங்க சார். ரோசத்த நாளைக்கு வெச்சுக்கலாம்."

மூன்றாவது மணியில் எடுத்தது அண்ணி. துறையில் டிக்கெட் கொடுப்பவர் அவர்தான். பின்னால் காற்றும் கூட்டமும் இரைந்தன.

"அண்ணி, அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எட்டுன்னு அனுப்பியிருக்காரே, நல்லாப் பாத்து எண்ணினாரா?"

மறுமுனையில் டிக்கெட் கிழிக்கும் சத்தம் நின்றது.

"அண்ணி?"

"அவர் அனுப்பல தம்பி. நான்தான் அனுப்பினேன்."

"இன்னிக்கா?"

"ஏழு மாசமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"சண்டை அன்னிக்கே சொல்லிட்டாரு, இனி ஒரு எண்ணுகூட அவனுக்குக் கிடையாதுன்னு. இதுவும் அறுந்துபோச்சுன்னா அப்புறம் என்ன இருக்குன்னு நானே கவுன்டர் ஜன்னல் வழியா எண்ணி அனுப்பினேன். சத்தியமா ஒழுங்காத்தான் எண்ணினேன். நீங்க நன்றின்னு போடுவீங்க, அத அவர் கண்ணுல படற மாதிரி வெப்பேன். அவர் பாக்காத மாதிரி பாப்பாரு." குரல் தாழ்ந்தது. "இன்னிக்குத்தான் தம்பி... காலையிலேருந்து தீவுக்காரங்க முண்டியடிக்கறாங்க. ஜன்னல் பூரா மழை, தூணே தெரியல. நேத்து எண்ணையே போட்டு அனுப்பிட்டேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குப் பேருந்தில் படித்த அந்தப் பழைய எண்கள்தான் நினைவுக்கு வந்தன.

"அண்ணன் எங்க?"

"பக்கத்துலதான். என்னை முறைச்சிட்டு நிக்கறாரு."

"போனக் குடுங்க."

"பேச மாட்டேன்னு தலைய ஆட்டறாரு."

"பேச வேண்டாம் அண்ணி. எண்ணச் சொல்லுங்க."

கதவு திறக்கும் சத்தம். அப்புறம் காற்று காதில் அறைந்தது. ஈரப் பலகைமேல் நடக்கும் காலடிகள் கடைசித் தூண்வரை போய் நின்றன.

"இப்ப," என்றது அண்ணனின் குரல். ஏழு மாதத்தில் முதல் சொல்.

இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராடார் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணு." வெறும் காற்று. அண்ணன் மூச்சுவிடுவது கேட்டது. "ரெண்டு." மறுபடி நெடுநேரம் ஒன்றுமில்லை. நாலாவது அலைக்கே இவருக்குத் தெரிந்துவிட்டது, அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் இருவரும் விடவில்லை. எட்டு. ஒன்பது. ஒன்பதுக்குப் பிறகு அந்த ஒரு அலை வந்து சேர ஒரு யுகம் பிடித்தது.

"பத்து."

"நூத்தம்பத்தி ரெண்டு வினாடி," என்றார் இவர்.

"பதினஞ்சுக்கு மேல இருக்கு." அண்ணனின் குரலில் இருந்த முறுக்கு போயிருந்தது. "டேய், இது நேரா வருதுடா."

"வருதுண்ணா. ரெண்டு மணிப் படகு வேண்டாம்."

"போன தடவ மாதிரி ஆயிட்டா?"

"ஆகலாம். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். ஆனா எனக்கு இதான் படுது."

காலடிகள் திரும்பி நடந்தன. கூட்டத்தின் இரைச்சல் நெருங்கியது. போனை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது, எல்லாம் கேட்டது.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. தீவுக்காரங்க உள்ள வந்து தங்கிக்கலாம். இன்னிக்குப் படகு கிடையாது. புயல் வருது, என் தம்பி சொல்றான்."

"போன தடவையும் உங்க தம்பிதான சொன்னாரு?" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது.

"ஆமாய்யா, அவன்தான். இந்தத் தடவ அவனோட நானும் எண்ணியிருக்கேன். பொய்யாப் போச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து அசடு வழியறோம். நாளைக்கு வந்து வேடிக்கை பாரு!"

முன்னறிவிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுதியிருந்ததை அழித்துவிட்டு, புயல் இன்று மாலை கரையைக் கடக்கும், கடலோரத்தில் பலத்த மழையும் சூறைக்காற்றும் இருக்கும், படகுகள் செல்லக்கூடாது என்று எழுதினார். 'வாய்ப்பு' என்ற சொல்லை எங்கும் சேர்க்கவில்லை. பதினொன்றரைக்குக் காத்திராமல் உடனே அனுப்பினார்.

போனில் அண்ணன் திரும்ப வந்தார். "இருக்கியாடா?"

"இருக்கேண்ணா."

"மத்தியான எண்ணை நானே கூப்ட்டுச் சொல்றேன். இவளுக்கு எண்ணத் தெரியாது."

"ஓஹோ!" என்றது பின்னாலிருந்து அண்ணியின் குரல். "இத்தன நாளா எண்ணினது யாராம்?"