கம்பளிக்குள் ஒரு பானை

லாரி ஓட்டுநரின் வயிற்றில் போட்ட தையல் ஆறுவதற்குப் புரதம் மிகுந்த உணவு வேண்டும் என்றார் மருத்துவர். திங்கட்கிழமை லாரியில் ஏறாவிட்டால் வேறு ஓட்டுநரை அமர்த்திக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார் முதலாளி. இறைச்சிக்கு வழியில்லாத ஓட்டுநரின் மனைவி, நான்கு நாளைக்குப் போதுமான சிவப்பு பீன்ஸை வாங்கி ஊறவைத்தாள். எரிவாயு உருளையும் தீரும் நிலையில் இருந்தது. எனவே விடியலில் ஒரே ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, இறுக மூடி, இரண்டு கம்பளிகளால் சுற்றி மூலையில் வைத்தாள்.

"ஒரு மணி வரைக்கும் பிரிக்காதே. அந்தச் சூட்டுலயே வெந்துடும்" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டுச் சட்டைத் தொழிற்சாலைக்குப் போனாள்.

நண்பகல் இடைவேளையில், தன் சிக்கனத்தைக் கேன்டீன் சமையற்காரரிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நேரம் கொதிக்க விட்டே?"

"ஒரு கொதிதான், அண்ணே. அதுக்கு மேல கேஸுக்கு யாரு அழறது?"

"அடிப்பாவி! சிவப்பு பீன்ஸ் அரைமணி தளதளன்னு கொதிக்கலைன்னா விஷம்மா. குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுக்கும். தையல் போட்ட வயிறு தாங்குமா?"

மணி பன்னிரண்டு நாற்பது. மேற்பார்வையாளரின் கைப்பேசியிலிருந்து வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"இப்பப் போனா அரைநாள் சம்பளம் போச்சு" என்றார் அவர்.

அவள் அதற்குள் வாயிலைத் தாண்டியிருந்தாள். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. இறங்கியதும் ஓடினாள், மூன்று மாடிகளையும் மூச்சிரைக்க ஏறினாள்.

கம்பளிகள் தரையில் கிடந்தன. கணவனின் மடியில் கிண்ணம் இருந்தது. கரண்டி வாயருகே போய்க்கொண்டிருந்தது. அவள் தட்டிய தட்டில் அது சுவரில் போய் விழுந்தது.

"எத்தனை வாய் சாப்பிட்டீங்க?"

"இதுதான் முதல் வாய். அதையும் பிடுங்கிட்டே. பசிச்சவன்கிட்ட என்ன விளையாட்டு?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"கேன்டீன்காரன் சொன்னா வேதமா? இவ ரெண்டு கரண்டி ருசி பார்த்தா. குத்துக்கல்லாட்டம் நிக்கிறாளே!"

நாத்தனார் சிரித்தாள். "எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும், அண்ணி."

இரண்டரை மணிக்கு அந்தச் சிரிப்பு நின்றது. அவள் குளியலறைக்கு ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். ஐந்தாம் முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் ஓட்டுநரின் கை தன் வயிற்றுத் தையலை அழுத்திக்கொண்டது.

மாலை ஐந்து மணிக்கு நாத்தனார் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்துவிட்டு உறங்கினாள். பானையைக் கொட்டிவிட்டால் நான்கு நாளைக்கு வெறும் சோறுதான். மனைவி பழைய நீரை வடித்து, புதுநீர் ஊற்றி, அடுப்பை முழுவீச்சில் எரியவிட்டாள். கொதி வந்தபின்தான் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. இருபதாம் நிமிடத்தில் சுடர் ஒருமுறை துடித்து அணைந்தது. உருளையைச் சாய்த்துப் பார்த்தாள், பயனில்லை.

"வெந்துடுச்சு பாரு, நசுங்குது" என்றான் கணவன். காலையிலிருந்து அவன் தின்றது இரண்டு ரொட்டித் துண்டுகள். "இருபது நிமிஷம் போதாதா? போடு."

"போதாது."

"கீழ்வீட்டுக்காரிகிட்டயா போகப்போறே? ஆறு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறவளாச்சே!"

அவள் துணியால் பானையின் கழுத்தைப் பற்றிப் படியிறங்கினாள். கதவைக் காலால்தான் தட்ட முடிந்தது.

கீழ்வீட்டுக்காரி பானையைப் பார்த்தாள். அதை ஏந்தி வந்தவளின் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"அடுப்பு வேணும், அக்கா. பத்து நிமிஷம்." சொன்னவள், உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். "இல்ல. அரைமணி. முதல்லேருந்து கொதிக்கட்டும்."